லொஸ் ஏஞ்சல்ஸ் முதல் நியூ ஓர்லியன்ஸ் வரை: காருக்குள் உரத்து வாசிக்க விசித்திர வரலாற்று நூல்கள் தேவை

வாவிக்கரை வாசகன் (கல்லடி)

அனைவருக்கும் வணக்கம். வரும் ஐப்பசியில் நானும் மனைவியும் லொஸ் ஏஞ்சல்ஸில் வசிக்கும் என் அக்காவின் மகனிடம் செல்கிறோம். அங்கிருந்து நியூ ஓர்லியன்ஸ் வரை பன்னிரண்டு நாட்களில் எங்களைக் காரிலேயே அழைத்துச் செல்வதாக மருமகன் உறுதி கூறியிருக்கிறார். பயணம் அங்கே முடிய வேண்டும் என்று கேட்டவன் நான்தான். உலகப் போருக்குப் பின் மட்டக்களப்புக்கு வந்து கற்பித்த அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள் என்பதும், வெபர் விளையாட்டரங்குக்குப் பெயர் தந்த பாதிரியார் அவர்களுள் ஒருவர் என்பதும் இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தத் துறவிகளின் வாயிலிருந்தே அந்நகரின் பெயரைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஓய்வு பெற்ற ஆசிரியன் என்பதால் வாசிக்காமல் பயணம் செய்வது எனக்கு இயலாத காரியம். ஆனால் மருமகன் ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார். “மாமா, நீங்கள் அரசியலமைப்பைப் பற்றி வாசித்தால் நான் ஸ்டியரிங்கிலேயே தூங்கிவிடுவேன், ஆச்சரியமாக ஏதாவது இருந்தால் மட்டும் வாசியுங்கள்” என்கிறார். ஆகவே நான் தேடுவது உண்மையான, ஆனால் பாடநூலில் இடம்பெறாத வரலாற்றைச் சொல்கின்ற, வீதியோரத்தில் நிறுத்திப் பார்க்கக்கூடிய இடங்களோடு தொடர்புள்ள, பத்து நிமிடத்தில் ஒரு பகுதியை உரத்து வாசித்து முடிக்கக்கூடிய நூல்களைத்தான். முதலில் ஹூவர் அணைக்குப் போய், அங்கிருந்து தெற்கே இறங்கி, அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் வழியாகப் போவதாகத் திட்டம். அமெரிக்க வரலாறு எனக்கு லிங்கனோடு நின்றுவிடுகிறது என்பதையும் வெட்கமின்றிச் சொல்லிவிடுகிறேன்.

பட்டிப்பளையான் (அம்பாறை)

வணக்கம் ஐயா. ஹூவர் அணைக்குப் போவதாகச் சொன்னதால்தான் எழுதுகிறேன். அந்த அணைக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் உள்ள தொடர்பை அறிந்தவர் இங்கே மிகக் குறைவு.

1931இல் ஹூவர் அணையின் ஒப்பந்தத்தைப் பெற்றது ஒரே கம்பனி அன்று. அவ்வளவு பெரிய வேலையைத் தனியே தாங்க எவராலும் முடியாததால் மேற்கு மாநிலங்களின் ஒப்பந்தகாரர்கள் ஒன்றுசேர்ந்து ‘ஆறு கம்பனிகள்’ என்ற பெயரில் ஒரு கூட்டை அமைத்தார்கள். அவற்றுள் ஒன்று ஐடகோ மாநிலத்தின் பொய்சி நகரைச் சேர்ந்த மொரிசன்-நட்சன். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்க 1949இல் வந்திறங்கியதும் அதே கம்பனிதான். கல்லோயா அபிவிருத்திச் சபையும் அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகார சபையை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டது. வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையாக இருந்த என் தகப்பனார், அணை கட்டிய வெள்ளைக்காரரின் ராட்சத இயந்திரங்களைப் பார்க்கச் சனம் மாட்டுவண்டி கட்டிப் போனதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். வேடர்கள் வேட்டையாடித் திரிந்த காடுகள் நீருக்குள் போனதும், குடியேற்றமும், 1956இல் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்த இனக்கலவரமும் தனியே பேச வேண்டியவை. இந்த இழையில் அவற்றை இழுக்கவில்லை.

இப்போது நூல்களுக்கு வருகிறேன். ஹூவர் அணைக்கு முந்திய இரவு விடுதியில் வாசிக்க ஜோசப் ஸ்டீவன்ஸ் 1988இல் எழுதிய அணையின் வரலாறு போதுமானது. அது ஒழுங்கான வரலாற்று நூல். ஆனால் காரில் உரத்து வாசிக்க ஏற்றதன்று. காருக்குரியது மார்க் ரைஸ்னர் 1986இல் வெளியிட்ட ‘கெடிலாக் டெசர்ட்’. அமெரிக்க மேற்கின் வரலாறு முழுவதையும் தண்ணீருக்கான சண்டையாகச் சொல்லும் தடித்த நூல் அது. நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்களுக்குத் தேவையான பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஆட்கள் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் காணிகளையும் தண்ணீர் உரிமைகளையும் தங்கள் நோக்கத்தை மறைத்துக்கொண்டு வாங்கிச் சேர்த்து, 1913இல் அந்தத் தண்ணீரை முன்னூறு கிலோமீற்றருக்கும் அதிகமான கால்வாய் வழியே நகருக்குக் கொண்டுவந்த கதை துப்பறியும் நாவலைப் போல ஓடும். அதன் மறுபாதி இன்னும் கொடியது. அந்தக் கால்வாயைக் கட்டிய வில்லியம் மல்ஹொலண்ட் என்ற பொறியியலாளர், நகரின் வடக்கே தான் கட்டிய சென் பிரான்சிஸ் அணையில் கசிவு காணப்படுவதாக அறிந்து நேரில் போய்ப் பார்த்து, ஆபத்தில்லை என்று சொல்லித் திரும்பினார். சுமார் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்குப் பின், 1928 மார்ச் 12ஆம் திகதி நள்ளிரவுக்குச் சற்று முன் அணை உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாரியில் குளக்கட்டில் காவல் நின்று பழகிய எங்களுக்கு அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது வயிறு கலங்கும். 1976இல் ஐடகோவின் டீட்டன் அணை முதன்முறை நிரம்பும்போதே உடைந்த கதையும் அந்நூலில் உண்டு. அதை வடிவமைத்தது அரசாங்கப் பணியகம். கட்டிய கூட்டில் இருந்தது எங்கள் மொரிசன்-நட்சன்.

அணையில் நிற்கும்போது மூன்றைத் தவறவிடாதீர்கள். முதலாவது, 221 மீற்றர் உயரச் சுவரைப் பார்த்துப் பிரமிப்பவர்கள் காலடியில் கவனிக்காமல் மிதித்துப் போகும் விண்மீன் வரைபடம். அணை திறந்துவைக்கப்பட்ட 1935 செப்டெம்பர் 30ஆம் திகதி வானம் எப்படி இருந்தது என்பதைத் தரையில் பதித்திருக்கிறார்கள். மொழியெல்லாம் அழிந்த பிறகு வருகிறவர்களும் விண்மீன்களின் இடத்தை வைத்து நாளைக் கணக்கிடலாம் என்பது அதன் நோக்கம். இரண்டாவது, தொழிலாளர்களோடு வளர்ந்த நாயின் சமாதி. மூன்றாவதைப் பார்க்க முடியாது, கேட்கலாம்: சீமெந்துக்குள் மனிதர்கள் புதைந்து கிடக்கிறார்கள் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். அது கட்டுக்கதை. சீமெந்து சிறுசிறு கட்டங்களாக, ஒவ்வொரு தடவையும் சில அங்குல உயரத்துக்கே ஊற்றப்பட்டது. உண்மையே போதிய அளவு விசித்திரமானது: அணைக்கான ஆய்வின்போது 1922 டிசெம்பர் 20ஆம் திகதி ஆற்றில் மூழ்கி இறந்த ஒருவரின் மகன், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே டிசெம்பர் 20ஆம் திகதி அதே இடத்தின் வேலையில் விழுந்து இறந்தார்.

நுரைச்சோலைக் காற்று (அக்கரைப்பற்று)

வாசகன் சேருக்கு ஸலாம். பட்டிப்பளையான் அண்ணன் தண்ணீரில் இறங்கிவிட்டார். நான் வரண்ட நிலத்தில் நிற்கிறேன். அணையிலிருந்து தெற்கே இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வழியில் ஏறத்தாழ அரை நாள் ஓட்டத்துக்குள் இரண்டு இடங்கள் உண்டு. இவை இரண்டும் கையிலிருந்தால் மருமகன் தூங்கமாட்டார்.

முதலாவது லேக் ஹவாசு நகரில் நிற்கும் லண்டன் பாலம். தேம்ஸ் நதியில் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்த பழைய கற்பாலத்தை லண்டன் மாநகரம் ஏலத்தில் விட, சங்கிலி வாள் உற்பத்தி செய்த ரொபர்ட் மக்கலொக் என்பவர் 1968இல் 24,60,000 டொலருக்கு அதை வாங்கினார். கற்களுக்கு இலக்கமிட்டுக் கப்பலேற்றி, அரிசோனாவின் பாலைவனத்தில் தான் உருவாக்கிய ஊரில் 1971இல் திரும்ப எழுப்பினார். இதில் நான் மிகவும் விரும்பும் விபரம், பாலத்தைக் கட்டியபோது அதன் கீழே தண்ணீர் இல்லை என்பது. உலர்ந்த தரையில் பாலத்தைக் கட்டி முடித்த பின்பே அடியில் கால்வாயைத் தோண்டித் தண்ணீரை விட்டார்கள். புதிய பாலம் வந்த பின்னும் கல்லடிப் பழைய பாலத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறோம். யாராவது விலை கேட்டு வருவார்களோ தெரியாது.

இரண்டாவது அங்கிருந்து 95ஆம் இலக்க வீதியில் தெற்கே போனால் வரும் குவார்ட்சைற் என்ற சிற்றூரின் மையவாடி. அங்கே ஒரு கல் கூம்பகமும் அதன் உச்சியில் ஓர் ஒட்டகமும் நிற்கும். 1850களில் அமெரிக்க இராணுவம் பாலைவனத்தில் சரக்குக் கொண்டுசெல்ல ஒட்டகங்களைப் பயன்படுத்திப் பார்த்தது. பிற்பாடு பிரிந்துபோன தென் மாநிலங்களின் ஜனாதிபதியான ஜெபர்சன் டேவிஸ் அப்போது யுத்தச் செயலாளராக இருந்தார். அவருடைய வற்புறுத்தலில் கொங்கிரஸ் 30,000 டொலர் ஒதுக்க, 1856இலும் அடுத்த ஆண்டிலும் எழுபதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள் டெக்சாஸ் கரையில் இறங்கின. அவற்றோடு வந்த ஒட்டகக்காரருள் ஒருவர் ஹாஜி அலி. அமெரிக்கப் படைவீரர்களின் வாயில் அந்தப் பெயர் ‘ஹை ஜொலி’ ஆகிவிட்டது. ஹஜ் செய்தவர் என்ற கண்ணியமான பட்டம் ஓர் உல்லாசக் கூச்சலாக மாறிய கதையை என் வாப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஒட்டகங்கள் தண்ணீரின்றி நன்றாகவே உழைத்தன; ஆனால் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் அவற்றின் வாடைக்கு மிரண்டன, உள்நாட்டு யுத்தமும் வந்தது, திட்டம் கைவிடப்பட்டது. ஹாஜி அலி 1902இல் குவார்ட்சைற்றிலேயே காலமானார்; அந்தக் கல் கூம்பகம் அவருடைய சமாதிதான். நீங்கள் டெக்சாஸைக் கடக்கும்போது ஒட்டகங்களின் தலைமை முகாமாக இருந்த கேம்ப் வெர்டே, பத்தாம் இலக்க நெடுஞ்சாலையிலிருந்து அதிக தூரமில்லை.

இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே வந்த நூல் 1986இல் வெளியான ‘ரோட்சைட் அமெரிக்கா’. வீதியோர வேடிக்கைகளின் களஞ்சியம் என்று அதைச் சொல்லலாம். எந்தப் பக்கத்தைத் திறந்தும் வாசிக்கலாம். அதுதான் அதன் பலமும் பலவீனமும். ராட்சதப் பொம்மை, நூலுருண்டை, இரட்டைத் தலைக் கன்று என்று எல்லாவற்றையும் ஒரே குரலில் கிண்டல் செய்வதால் ஒரு மணித்தியாலத்தில் அலுத்துவிடும் என்பது என் அனுபவம். வாங்க வேண்டாம், நூலகத்தில் கிடைத்தால் ஒரு மாலை புரட்டுங்கள்.

நியூ மெக்சிகோவில் ‘ட்ரூத் ஓர் கொன்சிகுவென்சஸ்’ என்ற ஊர்ப் பலகையைக் கண்டால் படமெடுங்கள். ஹொட் ஸ்பிரிங்ஸ் என்றிருந்த ஊர் 1950இல் ஒரு வானொலிப் போட்டி நிகழ்ச்சியின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது.

வாவிக்கரை வாசகன்

இருவருக்கும் மிக்க நன்றி. இங்கினியாகலைக்கு எத்தனையோ தடவை மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போயிருக்கிறேன். இந்த ‘ஆறு கம்பனிகள்’ தொடர்பு எனக்குத் தெரியாது என்பதை நினைக்கச் சங்கடமாக இருக்கிறது. மேற்குப் பகுதிக்கு இனிப் பஞ்சமில்லை. டெக்சாஸுக்கு அப்பால், குறிப்பாக லூசியானாவுக்கு, எதை எடுத்துப் போகலாம்? இன்னொன்று: வேடிக்கைகளை மட்டும் வாசித்துக்கொண்டு போனால் நாட்டை அறிந்ததாகுமா என்று என் மனைவி கேட்கிறார். அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆரையூராள் (ஆரையம்பதி)

வாசகன் அண்ணா, உங்கள் மனைவியின் கேள்வியை நான் வழிமொழிகிறேன். ஆறு ஆண்டுகள் லூசியானாவில் வாழ்ந்தவள் என்ற முறையில் அதற்கான என் பதிலும் ஒரு நூல்தான்: ஜோன் பரி 1997இல் எழுதிய ‘றைசிங் டைட்’. 1927இல் மிசிசிப்பி ஆறு பெருகிய கதை அது.

நம் ஊரில் மாரி வெள்ளம் ஏறியதும் எழும் வழக்கு எது? முகத்துவாரத்தை வெட்டுவதா வேண்டாமா, எப்போது வெட்டுவது, வெட்டினால் யாருடைய வயல் தப்பும், யாருடைய மீன்பிடி கெடும் என்பதுதான். படுவான்கரை வெள்ளாண்மைக்காரர் ஒன்றைச் சொல்வார், வாவியை நம்பி வாழ்பவர் இன்னொன்றைச் சொல்வார், நடுவில் அரசாங்க அதிபரின் கச்சேரி நிற்கும். 1927இல் நியூ ஓர்லியன்ஸில் இதே வழக்கு வெடிமருந்தோடு தீர்க்கப்பட்டது. நகரத்தின் வங்கிக்காரர்களும் பெரிய மனிதர்களும் தங்கள் முதலீடுகளைக் காக்க, நகருக்குக் கீழே கார்னார்வொன் என்ற இடத்தில் ஆற்றின் அணைக்கட்டைத் தகர்க்க மாநில அரசை இணங்க வைத்தார்கள். ஏப்ரல் 29ஆம் திகதி கட்டு தகர்க்கப்பட, சென் பேர்னார்ட், பிளக்குமின்ஸ் ஆகிய பகுதிகள் மூழ்கின. அங்கே வாழ்ந்தவர்கள் மீன்பிடிப்பவர்களும் பொறிவைத்து விலங்குகளைப் பிடித்துத் தோல் விற்பவர்களும். இழப்பீடு தருவதாக வாக்களித்தவர்கள் பெரும்பாலானோருக்கு ஏறத்தாழ ஒன்றுமே கொடுக்கவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் கட்டுகள் தாமாகவே உடைந்து வெள்ளம் வேறு வழிகளில் திரும்பியதால் அந்தத் தகர்ப்புத் தேவையே இல்லாமல் போனது என்பதுதான் இதில் மிகக் கசப்பான பகுதி. அந்தச் சம்பவத்தைக் கொண்ட அத்தியாயங்களை மட்டும், ஆற்றங்கரையிலேயே காரை நிறுத்திவிட்டு வாசியுங்கள். மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வில்லில் கறுப்பினத் தொழிலாளர்களை அணைக்கட்டின் மேலேயே மாதக்கணக்கில் தடுத்துவைத்து வேலை வாங்கியதைச் சொல்லும் பகுதி உங்களை உறங்கவிடாது. ஆகவே அதை இரவில் தொடங்க வேண்டாம்.

அடுத்ததற்குப் பணம் தேவையில்லை. நியூ யோர்க்கின் ஹார்லெமில் வசித்த தபால்காரரான விக்டர் ஹியூகோ கிரீன் என்பவர் 1936இல் தொடங்கி வெளியிட்ட ‘கிரீன் புக்’ என்ற வழிகாட்டி அது. கறுப்பினத்தவர் காரில் போகும்போது எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெற்றோல் கேட்டால் அவமதிக்கமாட்டார்கள் என்று பெரும்பாலும் முகவரிகளையே அடுக்கிய சிறு கையேடு. 1960களின் நடுப்பகுதி வரை வெளிவந்தது. பழைய பிரதிகளை நியூ யோர்க் பொது நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. புறப்படும் முன் தரவிறக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் பாலைவனத்தில் பல மணித்தியாலங்களுக்குத் தொலைபேசி அலை கிடைக்காது. ஒவ்வோர் ஊருக்குள்ளும் நுழையும்போது அந்த ஊரின் பெயரை அதில் தேடிப் பாருங்கள். சில ஊர்களுக்கு ஒரேயொரு வீட்டின் முகவரி இருக்கும், பல ஊர்கள் பட்டியலிலேயே இராது. எந்த வீதியால் எத்தனை மணிக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று நாலுபேரிடம் விசாரித்துப் பயணம் செய்த தலைமுறை நாம். அந்த வெறும் பட்டியலை வாசிக்க நமக்கு உரையாசிரியர் தேவையில்லை.

மூன்றாவதாக ஜேம்ஸ் லோவன் 1999இல் எழுதிய ‘லைஸ் எக்ரோஸ் அமெரிக்கா’. அமெரிக்காவில் வீதிக்கு வீதி வரலாற்றுப் பலகையும் சிலையும் நிற்கும். அவற்றுள் எவை பொய் சொல்கின்றன, எவை பாதியை மறைக்கின்றன என்று சமூகவியலாளரான அவர் ஒவ்வோர் இடமாகப் போய் எழுதியிருக்கிறார். சிறுசிறு கட்டுரைகள்; உங்கள் பத்து நிமிட அளவுக்குத் தைத்தது போலிருக்கும். வழக்கத்துக்கு மாறாக நூலை மேற்கில் தொடங்கிக் கிழக்கு நோக்கி ஒழுங்கமைத்திருக்கிறார். உங்கள் காரும் அந்தத் திசையில்தானே ஓடப்போகிறது.

பழைய புத்தகப் பித்தன் (களுவாஞ்சிக்குடி)

எல்லாரும் நல்ல நூல்களையே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு: ஓடும் காரில் வாசித்தால் சன்னலுக்கு வெளியே இருப்பதைத் தவறவிடுவீர்கள். வாசிப்பை இரவுக்கு வைத்துக்கொண்டு, பகலில் பார்த்த இடத்தைப் பற்றி வாசித்தால் அது மனதில் நிற்கும். முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போய் நின்றால், நூலில் கண்டதைச் சரிபார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

இங்கிருந்து புறப்படும் முன் வாசிக்க ஒன்று சொல்கிறேன். 1978இல் ஆசிரியத் தொழிலையும் இழந்து மனைவியையும் பிரிந்த வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூன் என்பவர், ஒரு வான் வண்டிக்குள் படுக்கையைப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலைகளைத் தவிர்த்து நாட்டை வட்டமாகச் சுற்றிவந்தார். பழைய வரைபடங்களில் சிறு வீதிகள் நீல நிறத்தில் இருந்ததால் 1982இல் வந்த நூலுக்கு ‘புளூ ஹைவேய்ஸ்’ என்று பெயர். ‘பெயரில்லாதது’ என்ற பொருள்படும் பெயரைக் கொண்ட டெனசி மாநிலத்து ஊரைத் தேடிப் போகும் பகுதி ஒன்று போதும். வேடிக்கையான பெயருக்காகப் போனவர் ஊர்ச்சனத்தின் அடுப்படியில் உட்கார்ந்து கதை கேட்டுவிட்டு வருகிறார். ஆசிரியரான உங்களுக்கு அது பிடிக்கும்.

கொலையுண்ட ஜனாதிபதிகளின் தடங்களைத் தேடிச் சாரா வவல் எழுதிய ‘அசாசினேஷன் வெகேஷன்’ என்ற 2005ஆம் ஆண்டு நூலும் மிகச் சுவையானது. லிங்கனின் மகன் தகப்பனின் மரணப் படுக்கையருகே நின்றார்; 1881இல் கார்பீல்ட் சுடப்பட்ட புகையிரத நிலையத்திலும் இருந்தார்; 1901இல் மக்கின்லி சுடப்பட்டபோது பபலோ நகருக்கு வந்து சேர்ந்தார். ஆனால் அதன் இடங்கள் பெரும்பாலும் கிழக்கில் இருப்பதால் உங்கள் வழிக்குப் பொருந்தாது. லிங்கனோடு நின்றுபோன வரலாற்றை அங்கிருந்து நகர்த்த விரும்பினால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாவிக்கரை வாசகன்

எல்லோருக்கும் நன்றி. ‘புளூ ஹைவேய்ஸ்’ நூலை இங்கேயே தேடத் தொடங்கிவிட்டேன். ரைஸ்னரின் நூலையும் லோவனின் நூலையும் மருமகன் அங்கே பழைய புத்தகக் கடையில் வாங்கி வைப்பதாகச் சொல்லிவிட்டார். ‘கிரீன் புக்’ பிரதி ஒன்றை நேற்றிரவு தரவிறக்கினேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு, பயணத்தில் ஊர்ப் பெயர்களைத் தேடும் வேலையைத் தானே எடுத்துக்கொள்வதாகக் கூறியிருக்கிறார். ‘றைசிங் டைட்’ கடைசி இரண்டு நாட்களுக்கு. பித்தனின் யோசனையைப் பாதி ஏற்கிறேன்: மலைப்பாதையில் வாசிப்பதில்லை, டெக்சாஸில் வாசிப்பது. அந்த மாநிலத்தைக் கடக்கவே இரண்டு பகல் போகுமாம், வெளியே பார்த்துக்கொண்டிருக்க அவ்வளவு நேரத்துக்கு என்னதான் இருக்கப் போகிறது?

பட்டிப்பளையானிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தகப்பனார் சொன்ன இயந்திரங்களைப் பற்றி எழுத்தில் ஏதும் குறித்து வைத்திருந்தால், இந்தப் பயணத்துக்கு முன் அதை இங்கே பதிவிட முடியுமா? அணையின் மேல் நிற்கும்போது மருமகனுக்கு முதலில் அதைத்தான் வாசித்துக் காட்ட விரும்புகிறேன்.